மௌனத்துக்கு ஒரு வக்காலத்து

கேள்விக்கும் பதிலுக்கும் இடையே நிலவும் மௌனத்தைக் கேட்பவன் எவ்வாறு பொருள் கொள்கிறானோ, அதைப் பொறுத்தே ஒரு மனிதனுடைய விடுதலையும், சில சமயம் உயிருமே நிர்ணயிக்கப்பட்டதுண்டு. ஆங்கிலேயர் 1788-ல் சிட்னித் துறைமுகத்தில் குடியேறிய காலத்தில் 250-க்கு மேற்பட்ட பாஷைகளைப் பேசிவந்த ஆஸ்திரேலிய ஆதிகுடிகளுள் பல சமூகங்களில், ஒருவர் வினவினால் உடனே வாய்திறவாமல் சற்று யோசித்துப் பேசுவது மரியாதை. கண்ணோடு கண் நோக்காமல் பார்வையைத் தாழ்த்துவது அடக்கம். இறந்தவரின் பெயரை உச்சரியாதிருப்பது துக்கத்துக்குச் செய்யும் கௌரவம். அதிகாரம் படைத்த அந்நியன் கேட்பதற்கெல்லாம் ‘ஆமாம்’ என்று சொல்லி அவனைச் சாந்தப்படுத்தி அனுப்பிவிடுவதோ துன்ப அனுபவம் கற்பித்த விவேகம். ஆங்கிலச் சட்டத்தின் நியாயஸ்தலம் அந்த மௌனத்தைக் குற்றமுள்ள நெஞ்சின் திகைப்பென்றும், தாழ்ந்த பார்வையைப் பொய்யின் அடையாளமென்றும், அந்த ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்லைப் பூரண ஒப்புதலென்றும் தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொண்டே வந்தது.

1958-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தென் ஆஸ்திரேலியாவின் கடற்கரை ஊராகிய செடூனாவில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட கொடுமைக்காக, அரெர்ண்டே என்ற ஆதிகுடி இனத்தைச் சேர்ந்த ரூபர்ட் மாக்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் கைதானார். எழுதப் படிக்க அறியாத அவர் சொன்னதாகப் போலீஸார் தட்டச்சு செய்து சமர்ப்பித்த வாக்குமூலம், பள்ளிப் படிப்பு முற்றியவர் எழுதியது போன்ற ஒழுங்கான ஆங்கிலத்தில் அமைந்திருந்தது. அதைப் பிரதான ஆதாரமாகக் கொண்டே மறு ஆண்டில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் அவரைக் கண்டு பேசிய கத்தோலிக்கப் பாதிரியார் டாம் டிக்ஸனுக்கு அந்த வாசகம் இந்த மனிதருடைய நாவில் பிறந்திருக்கக் கூடுமா என்ற சந்தேகம் எழ, ஹெர்மன்ஸ்பர்க் மிஷனில் பிறந்து அரெர்ண்டே பாஷையைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பேசி வளர்ந்த பண்டிதரான ஸ்ட்ரேலோவை அழைத்துவந்தார். ஸ்டூவர்ட்டுடன் அவருடைய சொந்த பாஷையிலேயே உரையாடிப் பார்த்த ஸ்ட்ரேலோ, அந்த வாசகம் அவருடையதாக இருக்க முடியாது என்று சத்தியப் பிரமாணம் செய்துகொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற முறையீடுகள் பலிக்கவில்லை. ஜனங்களிடையே எழுந்த கிளர்ச்சியால் 1959-லேயே மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. அவ்வழக்கை ஆராய அமைந்த விசாரணைக் கமிஷனோ தீர்ப்பு சரியென்றே சொல்லிற்று. அவர் குற்றவாளியா, நிரபராதியா என்பதைத் தீர்க்க நான் இங்கு முற்படவில்லை. தூக்குமேடைக்கு ஒருவரை அனுப்பப் போதுமானதென்று கருதப்பட்ட சொற்கள் அவருடைய சொற்கள்தாமா என்று விசாரிப்பதற்கு, இரக்கமுள்ள ஒரு பாதிரியாரும் பாஷையறிந்த ஒரு பண்டிதரும் தற்செயலாக அந்த வழியே வரவேண்டியிருந்தது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

தற்செயலாக வாய்த்த அந்த உதவி ஒரு ஸ்தாபனமாக உருவெடுத்தது சிட்னியின் ரெட்பெர்ன் பகுதியில். ஆதிகுடிகளைக் குறித்து நடந்த 1967-ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அவர்களுக்கு ஆதரவாக நின்றார்கள் என்றாலும், கிராமப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி ரெட்பெர்னுக்கு வந்து நெருக்கமாகக் குடியிருந்த அந்த மக்களை, இரவு நேரங்களில் எம்பிரஸ் ஹோட்டல் என்ற மதுவிடுதியின் வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு போலீஸார் கூட்டமாக ஏற்றிச் செல்வது ஓயவில்லை. மறுநாட் காலையில் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்தப்படும்போது, பக்கத்தில் ஒரு வக்கீல் இல்லாமல், குற்றச்சாட்டு இன்னதென்று முழுதும் விளங்காமல், ‘ஆமாம்’ என்று சொல்லித் தண்டனையை ஏற்றுக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் கறுப்பு இளைஞர்கள் போலீஸாரைப் பின்தொடர்ந்து கண்காணித்த செய்தியைப் படித்திருந்த ரெட்பெர்ன் வாலிபர்கள் சிலர், தாங்களும் காகிதமும் பென்சிலுமாக நின்று, யார் யாரை எப்போது பிடித்தார்கள் என்று குறித்துவைக்கத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவராகிய பால் கோ அக்காலத்தில் சட்ட மாணவர். அவரும் நண்பர்களும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் புதிதாக அமைந்துவந்த சட்டப் பிரிவின் தலைவர் ஹால் உட்டனிடம் இந்தச் செய்தியைக் கொண்டுசென்றதன் பலனாகவே 1970-ல் ஆதிகுடிகள் சட்ட உதவி நிலையம் பிறந்தது.

ஊதியம் பெறாமல் முறைவைத்து வந்த வக்கீல்களைக் காட்டிலும் என்னை அதிகம் கவர்கிறவர்கள், அந்நிலையம் ஆதிகுடிகளிலிருந்தே தேர்ந்தெடுத்து அமர்த்திய களப்பணியாளர்கள். கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் நடுவே அமர்ந்து, இன்னார் இன்னாருக்கு என்ன உறவு, இந்தச் செய்தியைப் பெண்ணிடம்தான் பெண் சொல்லக் கூடுமா, இவர் வாயை மூடிக்கொண்டிருப்பது பதிலின்மையா, பதிலைத் தேடுகிற அவகாசமா என்றெல்லாம் அறிந்து சொல்லக்கூடியவர்கள் அவர்களே. கடை போல் தெருவோரத்தில் திறந்திருந்த அறையில் தம் இனத்தவர் முகம் ஒன்றை முதலில் கண்ட பிறகே, அரசாங்கக் கட்டடங்களின் படியேற அஞ்சியவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் விக்டோரியாவிலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் இவ்வகை நிலையங்கள் தோன்றின.

நியாயஸ்தலமும் மெல்லச் செவிசாய்த்தது. வட பிரதேச உச்ச நீதிமன்றத்தில் 1976-ல் நீதிபதி ஃபார்ஸ்டர், அனுங்கா வழக்கு என வழங்கும் தீர்ப்பில், ஆதிகுடிகளை விசாரிக்கும் போலீஸாருக்கு ஒன்பது நெறிகளை வகுத்தார். ஆங்கிலத்தில் தேர்ச்சியில்லாதவருக்குத் துவிபாஷி வேண்டும். நம்பிக்கைக்குரிய நண்பர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மௌனமாக இருக்க உரிமையுண்டு என்று எச்சரித்தால் மட்டும் போதாது, அதை அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி கேட்டு, விளங்கிற்றா என்று பார்க்க வேண்டும். பதிலை உள்ளேயே வைத்துக் கேட்கும் கேள்விகள் கூடா. வாக்குமூலம் கிடைத்துவிட்டதே என்று மற்றச் சாட்சியங்களைத் தேடாமல் விட்டுவிடலாகாது. அவருக்கு உணவும் தேநீரோ தண்ணீரோ கொடுக்க வேண்டும். ஆதிகுடிகள் சுபாவமாகவே இங்கிதமுடையவர்களாதலால், கேட்பவர் விரும்புகிற பதிலையே அளித்துவிடக் கூடும் என்று அந்நீதிபதி காரணமும் காட்டினார். மரியாதையே ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பக் கூடும் என்பதை ஆங்கிலச் சட்டம் தன் வாயால் ஒப்புக்கொண்ட அந்த இடத்தை நான் வணக்கத்தோடு படிக்கிறேன்.

ரெட்பெர்ன் தெருக்களில் போலீஸார் நடந்துகொண்ட விதத்தைக் கண்ணால் கண்டு, அதனாலேயே சட்டம் படிக்கப் புகுந்த பாப் பெல்லியர், 1996-ல் நியூ சவுத் வேல்ஸ் ஜில்லா நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். ஆதிகுடியினர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதல் தடவை. ஆயினும் காவலில் மாண்ட ஆதிகுடிகளைக் குறித்து 1987-ல் அமைந்த ராயல் கமிஷன், உட்டனையும் ஓர் அங்கத்தினராகக் கொண்டு 99 மரணங்களை ஆராய்ந்து, 1991-ல் 339 சிபாரிசுகளை வெளியிட வேண்டியிருந்தது என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அச்சிபாரிசுகளுள் ஒன்றை அனுசரித்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆதிகுடியினர் ஒருவர் கைதாகிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டதும் போலீஸார் ரெட்பெர்னில் பிறந்த அந்தச் சட்ட உதவி நிலையத்துக்குத் தொலைபேசியில் தெரிவிப்பது பின்னர் விதியாயிற்று. பகலானாலும் நள்ளிரவானாலும் அந்த அழைப்பை ஏற்கும் வக்கீல், சட்ட ஆலோசனை சொல்வதோடு, கைதானவர் சௌக்கியமாக இருக்கிறாரா என்றும் விசாரிக்கிறார்.