மாட்ஸ்லேயின் நடைவண்டி

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு முதல் வருஷ ஒர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கும். நான் டூலைப் பூட்டிட்டு லேத்தை ஆன் பண்ணப் போனேன். இன்ஸ்ட்ரக்டர் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார். சக் கீ சக்கிலேயே மாட்டியிருந்தது! ஆன் பண்ணியிருந்தா அது தெறிச்சு என் முகத்துக்கே வந்திருக்கலாம். "டூல் உன் கையில இல்ல, மெஷின்லதான் இருக்குன்னு தைரியமாப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு 200 வருஷத்துக்கு மேல வயசு. அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும்பாலான கடைசல்காரர்கள் டூலைக் கையில்தான் பிடித்தார்கள். நீளமான பிடி போட்ட உளி, அதைத் தாங்க ஒரு கட்டை, அழுத்த மொத்த உடம்பு. மரம்னா சமாளிக்கலாம். இரும்பில் முனை சிக்கினால் உளியைப் பிடுங்கி எறியும். ஆனா ஒரு வசதி இருந்தது. சிக்கப் போகுதுன்னு கைக்குத் தெரியும், உடனே தளர்த்தலாம்.

இங்கேதான் ஹென்றி மாட்ஸ்லே வருகிறார். 1771இல் வுல்விச்சில் பிறந்தவர். 12 வயதில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் வேலை. அப்புறம் பூட்டு செய்யும் ஜோசப் பிரமாவிடம் சேர்ந்தார். வாரம் 30 ஷில்லிங் சம்பளம் போதலைன்னு கேட்டார், கிடைக்கலை. 1797இல் வெளியே வந்து லண்டனில் சொந்தப் பட்டறை போட்டார்.

அவர் லேத்தில் டூலை மனுஷன் பிடிக்கவில்லை. இரும்புப் பிடி ஒன்று இறுக்கிப் பிடித்தது, திருகைச் சுற்றினால் அது நேர்கோட்டில் நகர்ந்தது. இதுதான் ஸ்லைடு ரெஸ்ட். பிரான்ஸில் வோக்கான்சன் முன்னமே இதுபோல ஒன்று செய்திருந்தார். அதை அன்றாடப் பட்டறை வேலைக்குக் கொண்டுவந்ததில் மாட்ஸ்லேவுக்குப் பெரிய பங்கு உண்டு. மற்ற தொழிலாளிகள் சிரித்தார்களாம். "மாட்ஸ்லேயோட நடைவண்டி"ன்னு பேர் வச்சாங்க. நடக்கத் தெரியாத குழந்தைக்குத்தானே நடைவண்டி!

கை தப்பித்தது உண்மை. ஆனா இரும்புப் பிடிக்கு உணர்ச்சி கிடையாது. முனை சிக்கினாலும் அது விடாது. அப்போ டூல் உடையும், இல்லைன்னா சக்கிலிருந்து வேலைப்பொருளே பிடுங்கிக்கிட்டு பறக்கும்.

அடுத்தது வேகம். அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய ஹை ஸ்பீடு ஸ்டீலை 1900 பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். முனை செக்கச்செவேல்னு பழுத்தும் டூல் வெட்டிக்கிட்டே இருந்தது. வேகம் கூடக் கூட, சூடான பிளேடு மாதிரி நீளமான சுருள்கள் வந்தன. டூலைப் பிடிக்காத கை, இப்போ சுருளை இழுக்க உள்ளே போனது.

அதனால கை உணர்ந்து செய்த வேலையை, இப்போ ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடியே நாம செய்து முடிக்கணும்.

முதலில் நீட்டம். டூல் ஹோல்டரை விட்டு எவ்வளவு குறைவா வெளியே நீட்டுதோ அவ்வளவு நல்லது. நீட்டம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. அந்த அதிர்வில்தான் முனை சிக்கும். முனை சென்டர் உயரத்துக்கு இருக்கணும். பழைய ஒற்றைத் திருகு டூல் போஸ்டில் இன்னொரு பாடமும் சொல்லுவாங்க: ஹோல்டர் வழுக்கினாலும் வேலைப்பொருளை விட்டு விலகிப் போற மாதிரி வைக்கணும்.

அப்புறம், சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்க. ஜா எதுவும் ஹோல்டரில் இடிக்குதான்னு அப்பவே தெரிஞ்சிடும். நாலு டூல் பூட்டும் போஸ்டில் வேலை செய்யாத மூணு முனையும் கையைக் கிழிக்கும். டூல் மாத்தணும்னா, அளக்கணும்னா, மெஷின் முழுசா நிக்கணும். சுருளை எடுக்கவும் அப்படியே, அதுவும் கொக்கியால்தான். கண்ணாடி கட்டாயம். க்ளவுஸ் கூடவே கூடாது, ஏன்னா சுற்றுகிற பொருள் துணியைப் பிடிச்சா கையையும் சேர்த்து இழுத்துடும்.

என் இன்ஸ்ட்ரக்டர் அன்னிக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். சக் கீ சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்கக் கூடாது. கையை எடுக்கிறப்போ கீயும் சேர்ந்து வெளியே வரணும். நான் இப்போ லேத் ஓட்டுறதில்லை. ஆனா எந்த மெஷினைப் பார்த்தாலும் ஸ்விட்சுக்கு முன்னாடி என் கண் சாவியைத்தான் தேடுது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.