கணினிக்குள் ஒரு புரோக்கர்

எத்தாளையில புரோக்கர் என்றால் காணி புரோக்கரும் கல்யாண புரோக்கரும்தான் ஞாபகம் வரும். இணையத்தளங்களுக்குள்ளயும் ஒருத்தர் இருக்கிறார்: மெசேஜ் புரோக்கர். ஒரு புரோகிராம் தரும் வேலையை வரிசையில் வைத்து இன்னொன்றிடம் ஒப்படைப்பதே அவர் தொழில்.

மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980களில் அமெரிக்காவில் உருவாக்கிய மென்பொருள், பங்குச்சந்தைத் தகவல்களை வர்த்தகர்களின் கணினிகளுக்குப் பகிர்ந்தது. ஆனா ஒவ்வொரு கம்பனியின் புரோக்கரும் தனித்தனி மொழி பேசினார். அதை மாற்ற 2003இல் ஜே.பி. மோர்கன் வங்கியில் ஜோன் ஓ'ஹாரா ஏஎம்கியூபி என்ற பொது விதிமுறையைத் தொடங்கினார். 2007இல் வந்த ரெபிட்எம்கியூ அதை இலவசமாகவே தந்தது. 2005இல் இலங்கையில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் அதே விதிமுறையில் ஒரு புரோக்கரை வெளியிட்டது.

இதில் நமக்கென்ன? ஒன்லைனில் விண்ணப்பம் அனுப்பினா உடனே 'கிடைத்தது' என்று வரும். பல நேரம் அது வரிசையில் நிற்குது, அவ்வளவுதான். சேர்வர் நின்றாலும் வரிசை அழியாதபடி டிஸ்க்கில் எழுதச் சொல்லி அமைக்கணும். வேலை செய்யும் புரோகிராம் 'முடித்தேன்' என்ற பிறகே செய்தியை நீக்கணும். இதை விட்டால் விண்ணப்பம் சத்தமில்லாமல் தொலையும்.

அதனால 'கிடைத்தது' என்றதோடு நிம்மதியாகாமல், 'முடிந்தது' என்று வரும் வரை கேளுங்க.