சித்திரத்தில் இராமகாதை: தடையும் திறனாய்வும்

சமய மரபின் கதையைச் சித்திரப்படமாக்குவோரை, "இதைச் சொல்ல உமக்கு என்ன உரிமை?" என்று கேட்பதுண்டு. கையால் வரையப்பெற்று 1992இல் நிறைவுற்ற 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' இவ்வினாவைச் சந்தித்தது.

1983இல் அகழாய்வு பற்றிய ஆவணப்படத்திற்காக இந்தியா வந்த ஜப்பானியர் யூகோ சாகோ, இராமகாதையில் ஈடுபட்டார். இறைவனாக வணங்கப்பெறும் இராமனைக் காட்ட நடிகரைவிடச் சித்திரமே தகும் எனக் கருதினார். ஆயின் அயலார் இக்காதையைத் தம் விருப்பப்படி படமாக்கலாகாது என்று விசுவ இந்து பரிஷத் கடிதவழி எதிர்த்தது. இந்திய அரசும் கூட்டுமுயற்சிக்கு இசையவில்லை.

ஆகவே படம் ஜப்பானில் உருவாயிற்று. வேட்டி உடுத்தலையும் பெரியோரை வணங்கும் முறையையும் இந்தியக் கலைஞர் ஜப்பானிய ஓவியருக்குக் கற்பித்தனர். பாபர் மசூதி இடிக்கப்பட்ட மறுமாதம், 1993 ஜனவரியில், புதுதில்லித் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டது. பரவலான வெளியீடு கிட்டவில்லை. பின்னர்த் தொலைக்காட்சியில் கண்ட சிறுவர் அதனைப் போற்றினர். 2025 ஜனவரி 24இல் தமிழ் உட்படச் சில மொழிகளில் திரையரங்குகளுக்கு வந்தது.

இதனோடு ஒப்பிடத்தக்கது, கெல்டியத் தொன்மங்களைத் தழுவிய 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' (2009). கி.பி. 800 அளவில் எழுதப்பெற்ற சுவிசேஷ ஏடு ஒன்றைப் பற்றியது அப்படம். அதன் ஓவிய அழகைப் புகழ்ந்த கிறிஸ்தவர் சிலர், அதில் சுவிசேஷம் எங்கே என வினவினர். அவர்கள் படத்தைக் கண்டபின் வினவினர். சாகோவை எதிர்த்தோர் படம் உருப்பெறுமுன்னரே தீர்ப்புரைத்தனர். மறைநூலைப் போதிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.