வழிப்போக்கரும் விடுதிக் கதவும்

அறபு நாடுகளில் தங்கும் விடுதிகளின் பெயர்ப் பலகைகளில் நாம் இன்று காணும் ‘ஃபுந்துக்’ என்னும் சொல் கிரேக்க மூலத்திலிருந்து அறபியில் புகுந்தது. பின்னர் அறபியிலிருந்து இத்தாலிக்குச் சென்று ‘ஃபோந்தாக்கோ’ ஆயிற்று. அயலூரில் இரவைக் கழிக்க நேர்ந்த மனிதனின் அச்சமும், அவனைக் காக்க எழுந்த ஏற்பாடுகளும், அவன்மீது கொண்ட ஐயமும் இச்சொல்லோடு சேர்ந்தே பயணம் செய்தன.

ஸகாத்துக்கு உரியோர் எண்மரைத் திருக்குர்ஆன் குறிப்பிடும் வசனத்தில் (9:60) வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வராயிருப்பவரும், வழியில் பொருளிழந்து நின்றால் இவ்வுரிமை பெறுவார் என்பது சட்ட அறிஞர்கள் தரும் விளக்கம். விடுதி கட்டுவது அறமாகவும் அரசின் கடமையாகவும் கருதப்பட்டதற்கு இது ஒரு காரணம். அனத்தோலியாவில் செல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத், அக்சராய் அருகே 1229இல் எழுப்பிய ‘சுல்தான் கான்’ இன்றும் நிற்கிறது. உயர்ந்த மதில், ஒரே வாயில், உள்ளே முற்றமும் நடுவில் சிறு பள்ளியும். தொலைவிலிருந்து நோக்குவோர் கோட்டையென்றே எண்ணுவர். கைசேரிக்கு அருகிலுள்ள கரதாய் கானின் வக்பு ஆவணமோ, முஸ்லிம், முஸ்லிமல்லாதார், அடிமை, சுதந்திரர் என்ற வேற்றுமையின்றி வருவோர்க்கெல்லாம் உணவளிக்கப் பணிக்கிறது.

அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் 1184இல் அலெப்போவிலிருந்து டமாஸ்கஸ் நோக்கிச் சென்றபோது கண்ட கான்களும் அரண்களைப் போன்றவையே. அவற்றின் கதவுகள் இரும்பாலானவை என்று எழுதுகிறார். ஆயினும் பயணிக்கு இடையூறு கள்வரால் மட்டும் வருவதன்று என்பதையும் அவர் அறிந்திருந்தார். முந்திய ஆண்டு அலெக்சாந்திரியாவில் கப்பலைவிட்டு இறங்கிய ஹஜ் பயணிகளைச் சுங்க அதிகாரிகள் நடத்திய விதத்தை மிகுந்த கசப்புடன் பதிவு செய்கிறார். மூட்டைகள் ஒன்றோடொன்று கலக்கப்பட்டன. இடுப்புக் கச்சைக்குள் கைவிட்டுச் சோதித்தனர். வேறெதுவும் இல்லையெனச் சத்தியமும் வாங்கினர். அந்நெரிசலில் பலருடைய பொருள்கள் காணாமற்போயின. சுல்தான் ஸலாஹுத்தீன் இதனை அறிந்திருந்தால் தடுத்திருப்பார் என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். ஆனால் சிலுவைப் போராளிகளின் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனக் கரையின் அக்கா நகரில், அறபி எழுதவும் பேசவும் தெரிந்த கிறிஸ்தவ எழுத்தர்கள் சோதனையைக் கடுமையின்றி மென்மையாக நடத்தினர் என்று அவரே சான்றளிக்கிறார். தம்மவரைக் குறை கூறவும் எதிரியின் ஒழுங்கை ஒப்புக்கொள்ளவும் தயங்காத இந்நேர்மையே அவருடைய நூலை நம்பத்தக்கதாக்குகிறது.

1325இல் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடைப்பட்ட மணற்பாதையில் கத்யா என்னும் காவல் நிலையத்தைக் கடந்தார். எகிப்தில் பெற்ற அனுமதிச் சீட்டின்றி எவரும் சிரியாவுக்குச் செல்ல இயலாது, எதிர்த்திசைக்கும் அவ்வாறே. மக்களின் உடைமையைக் காப்பதற்கும், இராக்கின் மங்கோலிய ஒற்றரைத் தடுப்பதற்கும் இவ்விதி என்று அவர் காரணம் இரண்டையும் ஒருசேரச் சொல்கிறார். இரவானதும் காவல் பொறுப்பேற்ற பதூயீன்கள் மணலைச் சமப்படுத்திவிடுவர். விடிந்ததும் அமீர் வந்து மணலைப் பார்ப்பார். காலடித் தடம் தென்பட்டால், அதற்குரியவனைப் பிடித்துவர வேண்டியது அந்த பதூயீன்களின் கடமை.

பின்னாளில் தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்ட அவருக்கு, 1342 அளவில் கோழிக்கோட்டுக் கரையில் எல்லாம் கைநழுவின. உடைமைகளைக் கப்பலேற்றிவிட்டு ஜும்ஆ தொழுகைக்காகக் கரையில் தங்கினார். புயல் எழுந்தது. ஒரு கப்பல் உடைந்தது. அவருடைய பொருள்கள் இருந்த மற்றொன்று பாய்விரித்துப் போய்விட்டது. அவரிடம் எஞ்சியவை பத்து தீனாரும் ஒரு விரிப்புமே. கடலுக்குப் பிணையாளி இல்லை.

அத்தகையவருக்குச் சீனத்தின் ஏற்பாடு வியப்பளித்ததில் வியப்பில்லை. (அவர் சீனத்துள் எவ்வளவு தூரம் சென்றார் என்பதில் ஆய்வாளர் சிலருக்கு ஐயமுண்டு, விடுதி பற்றிய செய்தி ஒரு வணிகரிடம் கேட்டதாயினும் அதன் நுட்பம் குறைவதில்லை.) முஸ்லிம் வணிகர் ஒருவர் அங்கே ஓர் ஊரையடைந்தால், அவ்வூர் முஸ்லிம் வணிகரிடம் தங்கலாம், அல்லது ஃபுந்துக்கில் தங்கலாம். எங்குத் தங்கினும் அவருடைய பணம் எண்ணிப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்படும். செலவுகள் அதிலிருந்தே செய்யப்படும். புறப்படும்போது கணக்குக் காட்டப்படும். குறைந்தால் பொறுப்பேற்றவர் ஈடுசெய்ய வேண்டும். அவர் அதனைக் கேளிக்கையில் அழிக்கவும் விடமாட்டார்களாம். தங்கள் நாட்டில் பொருளிழந்தார் என்ற பேச்சு முஸ்லிம் நாடுகளில் எழலாகாது என்பது அவர்கள் எண்ணம்.

வழித்தங்கல்களிலும் இதே கண்டிப்பு. அந்தி சாய்ந்ததும் விடுதி அதிகாரி தம் எழுத்தருடன் வந்து, தங்கியிருப்போர் பெயர்களை எழுதி முத்திரையிட்டுக் கதவைப் பூட்டிச் செல்வார். காலையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்ப்பார். அடுத்த தங்கல்வரை ஓர் ஆள் உடன் செல்வார். அனைவரும் வந்து சேர்ந்தனர் என்று அவ்விடத்து அதிகாரி தரும் எழுத்தை அவர் கொண்டுவர வேண்டும். வராவிடில் அனுப்பியவரே பதில் சொல்ல வேண்டும். பெருஞ்செல்வத்துடன் ஒருவர் ஒன்பது மாதம் தனியே சென்றாலும் அஞ்சவேண்டியதில்லை என அவர் கூறுவது இதனாலேயே. ஆனால் அதே நாட்டில், கடைத்தெரு வழியே அரண்மனை சென்று மாலையில் திரும்பியபோது, தம்முடைய உருவமும் தோழர்களின் உருவங்களும் தாள்களில் வரையப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கக் கண்டார். அந்நியர் குற்றமிழைத்து ஓடினால் அவ்வுருவத்தைக் கொண்டு தேடுவார்கள். விருந்தினரைக் காக்கும் பதிவேடும் அவரைத் தேடும் பதிவேடும் ஒரே அலுவலகத்தின் வேலையாக இருந்தன.

மத்திய தரைக்கடல் துறைமுகங்களில் இது இன்னும் வெளிப்படை. அலெக்சாந்திரியாவில் வெனிசு முதலிய நாட்டு வணிகர்களுக்குத் தனித்தனி ஃபுந்துக்குகள் இருந்தன. உள்ளே அவர்கள் தம் வழக்கப்படி வாழலாம். சரக்கும் உயிரும் பத்திரம். ஆனால் இரவிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் கதவு வெளிப்புறமிருந்து பூட்டப்படும். அது அவர்களை ஊராரிடமிருந்து காத்ததா, ஊரை அவர்களிடமிருந்து காத்ததா என்று கேட்டால், இரண்டும்தான் என்பதே நம் கருத்து.

வெனிசு நகரம் இப்பாடத்தை நன்கு கற்றிருந்தது. உதுமானிய வணிகர்களுக்கென 1621இல் பெருங்கால்வாய்க் கரையின் பழைய மாளிகை ஒன்றை ஒதுக்கி, அதற்கு ‘ஃபோந்தாக்கோ’ என்றே பெயரிட்டது. தொழவும் நீராடவும் உள்ளேயே இடம் அமைந்தது. ஆயுதங்களை வாயிலில் ஒப்படைக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் கிறிஸ்தவக் காவலர் கதவை அடைத்துவிடுவர். அம்மாளிகையில் இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இயங்குகிறது.