வறுமைக் கணக்கும் நம் நிலமும்

வறுமை என்றால் கையில் காசில்லாமை என்றே பலரும் கருதுவர். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து அளக்கும் பல்பரிமாண வறுமைக் குறியீடு என்னும் முறையை, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளரும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தினரும் 2010இல் வெளியிட்டனர். ஆயின், ஏறத்தாழ இதே நோக்கில் நம் மக்களின் நிலை 1891இலேயே செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆராயப்பட்டுவிட்டது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

அப்போது மாவட்ட ஆட்சிப் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். பசியை மட்டும் எழுதி அவர் நிறுத்தவில்லை. சேரி மனை மிராசுதாரருக்கு உரியதெனப்பட்டதால், எதிர்த்துப் பேசியவன் குடிசையை இழந்தான். திருமணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காகப் படியாளாக உழைக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தான். தரிசு நிலம் கேட்டு மனுச் செய்தாலோ, மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. மனையின்மை, கடன், நிலமின்மை, கல்வியின்மை ஆகியவை ஒன்றையொன்று இறுக்கும் கயிறுகள் என்பதை அவர் கண்டார். அதனினும் மேலாக, அக்கயிறு யார் கையில் இருந்தது என்பதையும் எழுதி வைத்தார்.

அதன் விளைவாகவே 1892இல் பஞ்சமி நிலம் பற்றிய அரசாணை பிறந்தது. முதல் பத்தாண்டு விற்றல் கூடாது. பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையிலும் கிணற்றிலும் நமக்குள்ள உரிமைக்குச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார்.

இனி இன்றைய கணக்கிற்கு வருவோம். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் பல்பரிமாண வறுமையில் இருந்தோர் 2015-16இல் 24.85 விழுக்காடு, 2019-21இல் 14.96 விழுக்காடு. இந்த வீழ்ச்சி மெய்யானது; இதனைச் சிறிதென்று தள்ளுவது நேர்மையன்று. பீகாரில் 33.76, தமிழ்நாட்டில் 2.20, கேரளத்தில் 0.55 எனும்போது, பிறந்த மாநிலமே ஒருவன் வாழ்வைப் பெரிதும் தீர்மானிப்பது தெளிவு. 2011 குடிக்கணக்கில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு கேரளத்தில் 88 விழுக்காட்டைத் தாண்ட, பீகாரில் அது 50ஐயும் எட்டவில்லை.

எனினும் மாநிலச் சராசரிக்குள் சாதி மறைந்து கொள்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2021 அறிக்கை, 2015-16 ஆய்வின் விவரங்களைக் கொண்டு இந்திய மக்களைப் பிரித்துக் காட்டியது. பழங்குடியினரில் இருவருக்கு ஒருவர், பட்டியல் சாதியினரில் மூவருக்கு ஒருவர், பிற்படுத்தப்பட்டோரில் 27 விழுக்காட்டினர், எவ்வகையிலும் சேராத பிறரில் 15.6 விழுக்காட்டினர் வறியோர். படிக்கட்டு அப்படியே நிற்கின்றது. ஒவ்வொரு படியும் சற்றே உயர்ந்துள்ளது, அவ்வளவே.

இக்குறியீட்டின் கண்ணுக்குப் படாதவையும் உள. தூய குடிநீர் அரைமணி நேரத்தில் கொண்டுவரத்தக்க தொலைவில் இருந்தால் அக்குடும்பத்துக்குத் தண்ணீர்க் குறை இல்லையென்று எழுதப்படும். அத்தொட்டியைத் தொட விடுவார்களா என்ற வினா அப்படிவத்தில் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தொட்டி உண்டு, குழாயும் உண்டு. 1924இல் கேட்கப்பட்ட உரிமை எங்கே?

நிலத்தின் கதையும் இதுவே. மிதிவண்டி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றைக் குறியீடு எண்ணுகிறது. காணி நிலத்தை எண்ணுவதில்லை. டிரெமென்ஹீர் முதன்மையாக வைத்த பொருளே விடுபட்டுப் போயிற்று. ஆதலால் பஞ்சமி நிலம் முழுவதும் பிறர் கைக்குப் போனாலும் இக்கணக்கில் நம் வறுமை ஓர் இம்மியும் கூடாது. அந்நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபரில் காரணையை ஒட்டிய போராட்டத்தில், ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர்.

அந்நிலங்கள் எவை என்று அறிய வழியுண்டு. வட்டாட்சியர் அலுவலகத்துப் பழைய 'அ' பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்போடு அவை பதியப்பட்டன. பிற்காலப் பதிவேடுகளில் அக்குறிப்பு விடுபட்ட ஊர்கள் உண்டு; ஆகவே புதியதை மட்டும் பார்த்துத் திரும்புதல் ஆகாது. நம் சங்கத்துப் பள்ளியில் எழுத்தறிந்தோர் ஊருக்கு இருவர் சென்று, சர்வே எண்ணையும் பரப்பையும் இன்று அனுபவிப்போர் பெயரையும் இரு பதிவேடுகளினின்றும் படியெடுத்து வந்தால், 1892இன் ஆணை எவ்வூரில் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரிந்துவிடும்.