வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில், கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டியுள்ள வடக்கன்குளத்தின் கத்தோலிக்கக் கோயில். அம்மாவட்டத்துக் கொட்டாரத்துக்கு வடகிழக்கே, அஞ்சுகிராமத்தைத் தாண்டி அமைந்த ஊர் இது. கோயில் இப்போது தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மறைசாட்சி தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற இடம் என்பதால் பக்தர்கள் இதை அறிவார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் இதைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு: ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்கள் வந்து சேரும் 1872-ஆம் ஆண்டுக் கட்டட அமைப்பு.

இயேசு சபை மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் 1540-களில் பணியாற்றியது பெரும்பாலும் கடற்கரையில். பரதவர், முக்குவர் ஊர்களில். பனங்காட்டு உள்நாட்டுக்குக் கத்தோலிக்கம் வந்து சேர அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1680-இல் ஒரு நாடார் பெண் மதம் மாறியதிலிருந்து வடக்கன்குளம் சபை தொடங்குகிறது. 1685-இல், அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ காலத்தில், இங்கே கோயில் எழுந்தது. 1701 முதல் சாமியார் ஒருவர் ஊரிலேயே தங்கினார். நாடார் சமூகத்தில் உருவான முதல் இயேசு சபைக் கத்தோலிக்கச் சபை இதுதான். பின்னர் வெள்ளாளரும் சேர்ந்தனர். அவர்கள் தொகையில் குறைவு. ஆனால் உபதேசியார், கணக்கு, கோயில் நிர்வாகம் என்று எழுத்தறிவு வேண்டிய பொறுப்புகளில் அவர்களுடைய கை ஓங்கியிருந்தது. பிற்காலப் பூசல்களின் வேர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

ஊரின் இருப்பிடமும் கவனிக்கத்தக்கது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர்.  வடக்கன்குளம் எல்லைக்கு வெளியே, பாண்டி நாட்டுப் பக்கம். மார்த்தாண்டவர்மரின் அதிகாரியான நட்டாலம் நீலகண்டபிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவர், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய். ஆனால் ஞானஸ்நானம் திருவிதாங்கூருக்குள் நடக்கவில்லை; நீலகண்டன் எல்லை தாண்டி வந்து, 1745 மே 14 அன்று, பரஞ்சோதிநாதர் என்று தமிழ்ப்பெயர் கொண்ட இத்தாலியச் சாமியார் புட்டாரியிடம் அதைப் பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரே தேவசகாயம் என்று தமிழாயிற்று. மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார்; அவருடைய கல்லறை வடக்கன்குளத்தில் உள்ளது. தேவசகாயம் 1749-இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். மீண்டும் உயிர்பெற்ற சபையின் பிரெஞ்சுச் சாமியார்கள் 1838 வாக்கில் மதுரை மிஷனுக்குத் திரும்பியபோது, அவர்கள் கண்டது பழைய நாடார் சமூகத்தை அல்ல. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் கோயில் கட்டியதிலிருந்து சீர்திருத்தச் சபைகளின் பள்ளிகள் பெருகியிருந்தன. நாடார் பெண்கள் தோளை மூடும் உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டம் பின்னர் 1859-இல் திருவிதாங்கூர் அரசாணையில் முடிந்தது. வெளியில் தோளை மூடும் உரிமையைப் பெற்றவர்களின் உறவினர்கள், கோயிலுக்குள் வெள்ளாளருக்குப் பின்னால் அடங்கி உட்காருவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. யாருக்கு எந்த இடம் என்பதில் சச்சரவு முற்றியது.

அந்தச் சச்சரவுதான் 1872-ஆம் ஆண்டுக் கட்டடத்தின் வரைபடத்தைத் தீர்மானித்தது. வழக்கமான கத்தோலிக்கக் கோயில் சிலுவை வடிவிலோ ஒரே நீண்ட மண்டபமாகவோ இருக்கும். இங்கே பீடத்தை முனையாகக் கொண்டு இரண்டு நீண்ட மண்டபங்கள் விரிந்து செல்கின்றன. ஒன்று வெள்ளாளருக்கும் அவர்களோடு சேர்ந்த சாதியாருக்கும், மற்றது நாடாருக்கு. விரித்த கால்சட்டை போன்ற இந்த அமைப்பு ஆய்வு நூல்களிலும் அந்த உவமையோடுதான் இடம்பெற்றிருக்கிறது. ஒரு மண்டபத்தில் இருப்பவர் பீடத்தைப் பார்க்கலாம்; எதிர் மண்டபத்தில் முழந்தாளிடுபவரைப் பார்க்க முடியாது. அக்காலப் பூசை முறை இதற்கு இடம்கொடுத்தது. சாமியார் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தை நோக்கி, லத்தீனில் பூசை செய்தார். எனவே எந்தப் பக்கத்தாருக்கும் அவர் முகம் காட்டவேண்டிய தேவை எழவில்லை.

கோயிலுக்குள் சாதிச்சுவர் வடக்கன்குளத்தின் கண்டுபிடிப்பு அல்ல. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே 1745-இல் புதுச்சேரிக் கோயிலில் இருந்த சுவரை இடித்ததால் எழுந்த கலவரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் கட்டிய கோயிலுக்குள் சுவர் வைத்தார்கள். வடக்கன்குளத்தில் சுவருக்காகவே கோயிலைக் கட்டினார்கள். சமாதானம் தேடிய சாமியார்களின் நெருக்கடி புரிகிறது என்றாலும், நாள்பட்டால் கலையக்கூடிய வழக்கத்துக்குச் சுண்ணாம்பும் கல்லும் கொடுத்து நிலைக்க வைத்த செயல் அது என்றே சொல்லவேண்டும்.

தடுப்பை அகற்றியவர் கௌசானல் சாமியார். 1903-இல் பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர்கள் சபையை நிறுவியவர். 1910-இல் அவர் இரு மண்டபங்களையும் பிரித்த தடுப்பை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். கீழ்நீதிமன்றத்தில் தோற்று சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் தீர்ப்புத் தொகுப்புகளில் உள்ள வழக்கு இது. பார்த் என்பவர் திருச்சி ஆயர். தனி இடம் பரம்பரை உரிமை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரிந்திருப்பது அரசு நீதிமன்றம் காப்பாற்றித் தரவேண்டிய உரிமை ஆகாது என்று முடிவாயிற்று.

1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது வடக்கன்குளம் அதன் பகுதியாயிற்று. முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் பரதவர் சமூகத்தவர். நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயரும் அவரே. வடக்கன்குளம் பூசலைத் தமிழில் விரிவாக ஆராய்ந்த நூல் ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’. 2012-இல் அருளாளரான தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். அதற்கு முன்னரே, எழுந்த எதிர்ப்பை ஏற்று, ‘பிள்ளை’ என்ற சாதிப் பின்னொட்டை வத்திக்கான் அவர் பெயரிலிருந்து நீக்கியிருந்தது.