மேலே மேடை, கீழே நூலகம்

ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்துவிடலாம். ஆண்டு முழுக்க அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் இந்தக் கவலை இருந்தது. நூலகக் கட்டடங்களுக்கு வாரி வழங்கிய ஆண்ட்ரூ கார்னெகி, தாம் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரார் தங்கள் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். வெர்மான்ட் மாநிலத்தின் டெர்பி லைனில் ஒரு தாயும் மகனும் வேறு வழி கண்டார்கள். நூலகத்துக்கு மேல்மாடியில் ஒரு நாடக அரங்கம். மேலே வசூலாகும் பணத்தில் கீழே எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்தத் தாய் மார்த்தா ஹேஸ்கல், கனடாவில் பிறந்தவர். மர அறுவை ஆலைகள் வைத்திருந்த அவர் கணவர் கார்லோஸ், அமெரிக்கர். கணவரின் நினைவாக, மகன் ஹொரேஸுடன் சேர்ந்து இந்தக் கட்டடத்தை எழுப்பினார். டெர்பி லைனை ஒட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் ஸ்டான்ஸ்டெட். இரண்டு ஊராருக்கும் பயன்பட வேண்டும் என்று, எல்லைக்கோட்டின் மேலேயே இடம் பார்த்தார்கள். 1901இல் வேலை தொடங்கியது. 1904இல் அரங்கம் திறந்தது. நூலகம் திறந்தது 1905இல். சம்பாதிக்க வேண்டியது முந்திக்கொண்டது!

சுமார் 400 பேர் அமரும் அரங்கம் அது. மேடை முழுவதும் கனடாவில். இருக்கைகளில் பெரும்பகுதி அமெரிக்காவில். மேடைத் திரையில் வெனிஸ் நகரக் காட்சியைத் தீட்டியிருக்கிறார்கள். கீழே, நூலகத் தரையில் எல்லையைக் காட்டும் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. முன்வாசல் ஒரு நாட்டில், புத்தக அடுக்குகள் இன்னொரு நாட்டில்.

மார்த்தாவின் கணக்குக்கு அன்று ஆதாரம் இருந்தது. ரயில் பாதை போன இடமெல்லாம் நாடகக் குழுக்களும் இசைக் குழுக்களும் ஊர் ஊராகச் சுற்றின. சிற்றூர் அரங்கங்கள் அவர்களுக்கு மேடை கொடுத்தன. வெளிக்குழு வராத நாட்களில் பள்ளி விழா, அரசியல் கூட்டம், உள்ளூர் நாடகம் என்று அந்த மண்டபங்கள் ஊருக்கே உழைத்தன. பிறகு சினிமா வந்தது. அப்படிப்பட்ட அரங்கங்கள் பல மூடப்பட்டன, இடிக்கப்பட்டன. ஹேஸ்கல் அரங்கம் தப்பியது. 1976இல் அமெரிக்காவும் 1985இல் கனடாவும் அதை வரலாற்றுச் சின்னமாக ஏற்றன.

நூலகத்தின் முன்வாசல் அமெரிக்கப் பக்கம் இருந்தாலும், கனடாக்காரர்கள் சோதனைச் சாவடிக்குப் போகாமல் நடைபாதை வழியே வந்துபோனார்கள். 2025இல் அமெரிக்க அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. கனடாப் பக்கம் தனி வாசல் அமைக்க நூலகத்தார் நன்கொடை கேட்டார்கள். மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

எந்தப் பழைய அரங்கத்தையும் பாதுகாக்க மரியாதை மட்டும் போதாது. அங்கே நிகழ்ச்சி நடக்க வேண்டும். திருமணத்துக்கோ பாட்டுக் கச்சேரிக்கோ பள்ளி ஆண்டுவிழாவுக்கோ அதை வாடகைக்கு எடுப்பவர்கள்தான் அதன் கூரைக்கும் விளக்குக்கும் படியளக்கிறார்கள். பொது இடம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளவும் வேண்டும், ஏழைக்கும் கதவு திறந்திருக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் என்று நம்பிக் கட்டினார் மார்த்தா. அந்த நம்பிக்கை எந்த ஊருக்கும் பொருந்தும்.